ஒருவருக்கு ஒரே தாய்

எபோவின் அம்மா அரபா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடற்கரை ஊரான செகோண்டியின் சந்தையில் மரவள்ளிக்கிழங்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காலமானார். விஷயம் அவருக்கே மதியத்துக்கு மேல்தான் தெரிந்தது. கிழங்குக் கூடையைத் தலையில் சுமந்தபடி மகனின் கடைக்கு வந்தவர், நகராட்சிக் காவலர் ஒருவர் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடி முத்திரை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"எதுக்குய்யா பூட்டுற?"

"கடைக்குச் சொந்தக்காரங்க இறந்துட்டாங்கம்மா."

"யாரு சொந்தக்காரங்க?"

காவலர் கையிலிருந்த கருவியைப் பார்த்துப் படித்தார். "அரபா எசில்ஃபி."

"அது நான்தான்."

காவலர் தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, முத்திரை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் பக்கத்துக் கடை. என் பெயர் ஃபீஃபி; மீன்வலையும் கயிறும் மிதவையும் விற்கிறேன். என் வலையில் மீன் மட்டும்தான் மாட்டும் என்பதை இந்தக் கதைக்கு முன்பே சொல்லிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் இது வேறு ஒரு வலையைப் பற்றிய கதை. வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அதற்கு இன்னும் அனுமதி வாங்கச் சொல்லவில்லை.

எபோ படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். அவன் கடை இருக்கும் இடம் அவன் அம்மாவுடையது. அங்கேதான் அவர் முன்பு மீனைப் புகைபோட்டு விற்றார். ஜூலை மாதம் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் கடலை மூடிவிடும். படகுகளை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு, மோட்டார்களைக் கழற்றி எபோவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் கடல் திறக்கும். திறந்த முதல் சில நாட்களில் கரையோரமாக வரும் சாளை மீனை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் கடனை அடைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மிச்ச வருஷத்தை ஓட்டுவார்கள். அந்த ஜூலையில் கரையிலிருந்த மோட்டார் எல்லாம் எபோவின் கடைக்குள் கிடந்தது. பூட்டு விழுந்தது அவன் கடைக்கு மட்டுமல்ல.

இதற்கெல்லாம் மூலம் வணிக அறிவுவலை ஆணையம். டாக்கோராடிக்குப் போகும் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பியதே, அதுதான். திறப்பு விழாவில் இயக்குநர் டாக்டர் ஆர்தர்-பிளே வெயில் சாயும்வரை விளக்கினார். சாதாரண இணையத்தில் எழுதியிருப்பதை மனிதன் படிக்கிறான். இந்த வலையில் எழுதியிருப்பதை இயந்திரங்கள் தங்களுக்குள் படித்துப் புரிந்துகொள்ளும். அதற்காக உலகத்திலுள்ள சகலத்தையும் மூன்று மூன்று துண்டாக எழுதிவைக்க வேண்டும். எபோ, தொழில், மோட்டார் பழுது. கடை, உரிமையாளர், அரபா. இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, எழுதாததையும் இயந்திரம் தானே முடிவுகட்டிக்கொள்ளும். வங்கி, துறைமுகம், மின்வாரியம், காவல்துறை எல்லாம் அந்த வலையில் கட்டப்பட்டுவிட்டதால், இயந்திரம் முடிவுகட்டியதை அவர்களும் அந்த நிமிடமே தெரிந்துகொள்வார்கள்.

வலையில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. எங்கள் தெருவுக்கு இன்றுவரை பெயர் கிடையாது. யாராவது வழி கேட்டால், நீலப் பெட்டிக்கடையைத் தாண்டி, உடைந்த படகுக்கு எதிரே என்றுதான் சொல்வோம். ஆனால் எபோவின் குறடுக்கு முகவரி வந்தது. அவன் முக்காலிக்கு வந்தது. கடை வாசலில் படுத்திருந்த யாரோ ஒருவருடைய ஆட்டுக்கும் வந்தது.

அநியாயமாகப் பேசக்கூடாது, முதலில் அது உருப்படியாகவும் ஒரு காரியம் செய்தது. மோட்டாருக்குள் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் மோட்டார் கொதித்து நின்றுவிடும். எங்கள் நாட்டு டெமா துறைமுகத்தில் அதை ஒரு பெயரால் விற்கிறார்கள், டோகோவின் லோமேயில் பிரெஞ்சில் வேறொரு பெயர், அபிஜானில் வெறும் எண். எபோ முன்பெல்லாம் வாரக்கணக்கில் அலைவான். அறிவுவலையில் தேடினான், மூன்று பெயரும் ஒரே ரப்பர்தான் என்று அது கண்டுபிடித்து, லோமேயில் ஒருவரிடம் இருப்பதாகச் சொன்னது. அந்த வாரமே வந்துவிட்டது. எபோ அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தான்.

"ஃபீஃபி அண்ணே, அதுக்கு மூளை இருக்கு."

இருந்தது. அதுதான் பிரச்சினை. வெவ்வேறு பெயரில் இருப்பது ஒன்றேதான் என்று ரப்பர் விஷயத்தில் கண்டுபிடித்த அதே மூளைதான், தாய் விஷயத்திலும் வேலை செய்தது.

எபோ பதிவு செய்யப் போனபோது, பதிவு அலுவலர் மிஸ் தாட்சி தாயின் பெயரைக் கேட்டாள். எங்கள் பக்கம் தாயின் அக்காவும் தாய்தான். இவனை ஊட்டி வளர்த்தது பெரியம்மா எஸி. பெற்றவர் அபிஜானில் மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்த வருஷங்களில் காய்ச்சலுக்குக் கஷாயம் காய்ச்சியதும் கணக்கு வரவில்லை என்று காதைத் திருகியதும் அவர்தான். அவரைத் "தாயின் அக்கா" என்று சொன்னால் பெற்றவளே செருப்பைக் கழற்றுவாள். எபோ இரண்டு பெயரையும் சொன்னான். மிஸ் தாட்சியும் எங்கள் ஃபான்டி இனத்துக்காரிதான், அவளுக்கும் இரண்டு தாய். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இரண்டையும் தட்டிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திரத்துக்குள் "ஒருவருக்கு ஒரே தாய்" என்று ஒரு விதி கூடவே வந்திருந்தது. அது யாருக்கும் தெரியாது.

எஸி போன வருஷம் இறந்துபோனார். ஊரே திரண்டு அடக்கம் செய்தோம். நான் மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை காலையில்தான் இடுகாட்டுப் பதிவகத்தையும் அறிவுவலையில் இணைத்தார்கள்.

மறுநாள் எபோ ஆணையத்துக்குக் கிளம்பினான். துணைக்கு என்னையும் கூப்பிட்டான். முகப்பில், "மூன்று துண்டாகப் பேசவும்" என்று பலகை தொங்கியது. காவலாளி எங்களைப் பார்த்து, "வணக்கம். உள்ளே. போங்க," என்றார்.

"மேடம், எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. காலையில என்னைத் திட்டிக்கூட அனுப்பினாங்க," என்றான் எபோ மிஸ் தாட்சியிடம்.

"மூணு துண்டா சொல்லுங்க எபோ. மைக்ல பதிவாகுது."

எபோ என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்கம்மா. இருக்காங்க. உயிரோட."

மிஸ் தாட்சி திரையில் தேடினாள். நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. படிக்கப் படிக்க முகம் வாடியது. "இயந்திரம் தப்பா எதுவும் சொல்லலை எபோ. உங்களுக்கு ரெண்டு தாய்னு நீங்கதான் சொன்னீங்க. ஒருத்தருக்கு ஒரே தாய்தான்னு விதி இருக்கு. அப்போ அரபா, எஸிங்கிறது ஒரே பொம்பளையோட ரெண்டு பேருன்னு அது புரிஞ்சிக்கிச்சு. எஸியைப் புதைச்சாச்சு. அப்புறம் அரபா மட்டும் எப்படி வெளியில இருப்பாங்க?"

"ஒரே பொம்பளைன்னு ஏன் நினைக்கணும்? நான் தப்பா சொல்லிட்டேன்னு நினைச்சிருக்கலாமே."

"மனுஷன் தப்பா சொல்லுவான்னு நினைக்க அதுக்குச் சொல்லிக் குடுக்கலை. ரொம்ப மரியாதையான இயந்திரம்."

"அப்போ ஒரு பேரை அழிச்சிடுங்க மேடம், போதும்."

பக்கத்து மேசைகளில் தட்டுவது நின்றது. மிஸ் தாட்சி குரலைத் தாழ்த்தினாள். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க. இங்க சேர்க்க மட்டும்தான் முடியும். ஒண்ணை எடுத்தா, அதை வச்சு அது முடிவு பண்ணதை எல்லாம் எடுக்கணும். எதை வச்சு எதை முடிவு பண்ணுச்சுன்னு இங்க யாருக்குமே தெரியாது."

யோசித்துப் பார்த்து அவளே ஒரு வழி சொன்னாள். இரண்டு பெண்களுக்கும் வேறு வேறு புருஷன் என்று சேர்த்துவிட்டால், இரண்டு பேரும் வேறு வேறு என்று இயந்திரத்துக்கே உறைக்கும். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. எபோவின் அப்பா அவன் சிறுவனாக இருந்தபோதே கடலோடு போனவர். எஸியின் புருஷன் குவாமினா, டார்க்வாவில் லாரி ஓட்டுகிறார். இரண்டையும் சேர்த்தாள். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலமே குவாமினா போன் பண்ணினார்.

"டேய் எபோ, நான் செத்து ரொம்ப வருஷம் ஆச்சாமேடா?"

"பெரியப்பா?"

"போலீஸ்காரன் லாரியை நிறுத்திட்டான். நீ கடல்ல போயிட்டியே, அப்போ இவ்வளவு நாளா யாரு ஓட்டினதுன்னு கேக்குறான். நான்தான் ஓட்டினேன்னு சொன்னா, செத்தவன் லைசென்ஸ்ல ஓட்டினதா வழக்குப் போடுவானாம். என்னடா பண்ணி வச்சிருக்க?"

ஒரு பெண்ணுக்கு ஒரு புருஷன் என்றும் ஒரு விதி கூடவே வந்திருந்தது. இரண்டு புருஷன்களும் ஒன்றாகி, கடலில் போனவர் டார்க்வாவில் லாரி ஓட்டியவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. பெரிய படகுக்காரர் கோஜோ அப்பான் கடப்பாரையோடு வந்து கடை வாசலில் நின்றார். "தம்பி, நகரு. ரெண்டு தட்டுல தொறந்துடும்."

"தொறக்கும் பெரியவரே," என்றான் எபோ. "ஆனா முத்திரை உடைஞ்ச கடையில இருந்து வந்த மோட்டாருக்குத் துறைமுகத்துல எண்ணெய் ஊத்த மாட்டாங்க. அவங்க கருவியில சிவப்பு விளக்கு எரியும்."

கோஜோ அப்பான் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். "கடல் தொறக்கிற அன்னைக்கு என் ஆளுங்க என்ன பண்றது? துடுப்புப் போட்டு மீனைத் துரத்தறதா?"

எபோ முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஊரில் ஒருவருடைய மோட்டாரைக்கூடத் தாமதித்துக் கொடுக்காதவன் அவன்.

மறுபடியும் போனோம். மிஸ் தாட்சி இந்த முறை மைக்கை அணைத்துவிட்டுப் பேசினாள். தூங்கவில்லை போலிருந்தது. "சுத்தி வளைக்க வேண்டாம். அரபா உயிரோட இருக்காங்கன்னே நேரா ஒரு துண்டு சேர்த்துடறேன். என்ன ஆகுதோ ஆகட்டும்."

ஆயிற்று. ஒரே பெண்மணி, உயிரோடும் இருக்கிறார், புதைக்கப்பட்டும் இருக்கிறார். இதை இயந்திரம் ராத்திரி முழுவதும் யோசித்திருக்கிறது. இது உண்மையாக இருக்க முடியும் என்றால் எது வேண்டுமானாலும் உண்மையாக இருக்க முடியும் என்று விடிவதற்குள் முடிவுகட்டிவிட்டது. அதன் நியாயத்தில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காலையில் என் வலைக்கடைக்குப் பல் மருத்துவமனை நடத்த அனுமதி வந்தது. எதிர்ச் சாரியில் சடை பின்னும் பெண்ணுக்குத் தங்கச் சுரங்கம் தோண்ட உரிமை கிடைத்தது; டார்க்வாவிலிருந்த சுரங்கக் கம்பெனிக்கு இனிமேல் சடை பின்னக் கூடாது என்று தடை வந்தது. கோஜோ அப்பானின் படகு ஒரு தேவாலயம். வாசலில் படுத்திருந்த ஆடு துறைமுக வாரியத்தில் உறுப்பினர். டாக்கோராடி வங்கியில் வரிசையில் நின்ற எல்லாருமே கிளை மேலாளர்கள் என்று தெரியவந்ததும், உண்மையான மேலாளர் வரிசையில் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"உனக்குப் பல் புடுங்க அனுமதி வந்திருக்காமே," என்று கோஜோ அப்பான் என் கடைக்கு வந்து வாயைத் திறந்து காட்டினார். "பின்னாடி ஒண்ணு ரொம்ப நாளா வலிக்குது."

"என்கிட்ட குறடு இல்லை பெரியவரே. எபோ கடைக்குள்ள இருக்கு."

ஊரில் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் இருந்தது. எபோவின் கதவில் முத்திரை மட்டும் அப்படியே இருந்தது. நகராட்சிக் காவலரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கருவியைப் பார்த்துவிட்டு, "பூட்டணும்னும் காட்டுது, தொறக்கணும்னும் காட்டுது. ரெண்டும் உண்மைன்னா, இருக்கறபடி இருக்கட்டுமே," என்றார்.

மறுநாள் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். அரபாவையும் கையோடு கூட்டிவரச் சொல்லியிருந்தார். டாக்டர் ஆர்தர்-பிளேயின் அறையில் குளிர் எலும்பைக் கடித்தது. எங்களுக்கு சோபோலோ பானம் கொடுத்தார்கள். அரபாவுக்கு முன்னால் மட்டும் கோப்பை வைக்கவில்லை. விருந்தினர் எண்ணிக்கையை இயந்திரம்தான் சொல்கிறதாம். எபோ தன்னுடையதை அம்மாவிடம் தள்ளினான்.

"இவங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு ஒரு துண்டு சேர்த்துட்டா முடிஞ்சது டாக்டர்," என்றாள் மிஸ் தாட்சி.

"தாராளமா சேர்க்கலாம். அதுக்கு நடைமுறை இருக்கு," என்றார் இயக்குநர். "ரெண்டு பேரும் ஒண்ணா நேர்ல வந்து, நாங்க வேற வேறன்னு சொல்லணும்."

"நான் வந்துட்டேன்," என்றார் அரபா.

"இன்னொருத்தங்க?"

"என் அக்கா இடுகாட்டுல இருக்கா."

"அப்போ நீங்களும் அங்கதானே இருக்கணும்," என்றார் டாக்டர் ஆர்தர்-பிளே. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலத்தான் சொன்னார்.

எபோ எழுந்துவிட்டான். "டாக்டர், இவங்க உங்க முன்னாடி உக்காந்திருக்காங்க. உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது எபோ. தனிப்பட்ட முறையில உங்கம்மா உயிரோட இருக்கறதை நான் முழு மனசா நம்பறேன். இயக்குநரா நம்பறதுக்குத்தான் இடமில்லை." நாற்காலியைச் சாய்த்துக்கொண்டார். "இந்த ஆணையத்தோட பெருமை என்னன்னு தெரியுமா? ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு துண்டைக்கூட நாங்க அழிச்சதில்லை. பொய்யின்னு தெரிஞ்சதைக்கூட அழிச்சதில்லை. அதைப் பாராட்டத்தான் வெளிநாட்டுலேருந்து ஆளுங்க வர்றாங்க. அவங்க வர்ற நேரத்துல ஒரு அம்மா உயிரோடவும் செத்தும் இருந்தா என்ன நினைப்பாங்க? வியாபாரிங்க எங்களை நம்பறது எதுக்கு? ரப்பர் சக்கரம் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது," என்றான் எபோ.

"கிடைச்சுது. அது உண்மைன்னா இதுவும் உண்மை. ஒரே இயந்திரம். நமக்குப் பிடிச்சதை மட்டும் நம்பறதுன்னு வச்சுக்கிட்டா அப்புறம் அதுக்குப் பேரு அறிவா? வலையும் உலகமும் ஒத்துப்போகலைன்னா எதைத் திருத்தறது சுலபம்னு நீங்களே சொல்லுங்க. வலைக்கு எவ்வளவு செலவாகியிருக்கு. உலகம் சும்மா கிடைச்சது."

அவர் முன்னால் குனிந்தார்.

"ஒரு வழி இருக்கு. உயிரோட இருக்காங்கங்கிற துண்டை அழிக்க வேண்டியதில்லை. அதுக்கு ஒரு முடிவுத் தேதி சேர்த்தா போதும். சேர்க்கறதுதானே, விதிக்கு உட்பட்டதுதான். முரண்பாடு தீர்ந்துடும். ஆனா தேதின்னா ஆதாரம் வேணும். ஊரறிய ஒரு ஈமச்சடங்கு நடந்தாகணும்."

"யாருக்கு?" என்றான் எபோ.

இயக்குநர் அரபாவைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார்.

எபோ கத்துவான் என்று நினைத்தேன். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அரபா அந்தக் குளிரில் மேல்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்:

"நான் செத்தா கடை யாருக்குப் போகும்?"

"வாரிசுக்கு. அவரைப் புதுசா ஒரு ஆளா சேர்த்துக்குவோம்."

"பூட்டு?"

"சேர்த்த நிமிஷமே எடுத்துடுவாங்க."

"கடல் தொறக்கறதுக்கு முன்னாடியா?"

"சனிக்கிழமை சடங்கு வச்சா, முன்னாடிதான்."

"அம்மா, வேண்டாம். வாங்க போகலாம்," என்றான் எபோ. "கடையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"உன் கடையை யாருடா கேட்டா? கரையில இருக்கற அத்தனை வீட்டு அடுப்பும் உள்ள கிடக்கு," என்றார் அரபா. பிறகு இயக்குநரிடம் திரும்பினார். "பித்தளை வாத்தியம் வேணும்."

"புரியலைம்மா."

"என் சாவுக்கு. என் அக்காவுக்கு வச்சதைவிடப் பெரிய கோஷ்டியா வேணும். பந்தல், நாற்காலி, வந்தவங்களுக்குச் சாப்பாடு, எல்லாம் உங்க செலவு. சும்மா செத்துட்டுப் போக நான் ஒண்ணும் அநாதை இல்லை."

மிஸ் தாட்சி தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். சடங்கு. வாத்தியம். உண்டு.

எங்கள் ஊரில் சாவு என்றால் சுவரொட்டி இல்லாமல் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் சந்தை முழுக்க அரபாவின் படம் சிரித்தது. அவர் கிழங்கு வாங்கப் போன இடத்தில் கடைக்காரி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகிற வழிக்கு என்று இரண்டு கிழங்கு சேர்த்துப் போட்டாளாம். பேரமே பேசவில்லை என்று அரபாவுக்குக் குறை.

சனிக்கிழமை கறுப்பும் வெள்ளையும் உடுத்தி முன்வரிசையில் அவரே உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்து அவருடைய இழப்புக்கு வருந்தினார்கள். டார்க்வாவிலிருந்து குவாமினா பேருந்தில் வந்தார், லாரி ஓட்ட முடியாதே. வலையின்படி அவர் இப்போது அரபாவின் புருஷன் என்பதால், கூச்சப்பட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர் சாவை அடுத்த வருஷம் பரிசீலிப்பதாக ஆணையம் உறுதி சொல்லியிருந்தது. பெட்டிக்குள் அரபாவின் பழைய தலைத்துணி ஒன்றை வைத்திருந்தார்கள்.

டாக்டர் ஆர்தர்-பிளே அஞ்சலி உரை வாசித்தார். "அம்மையார் ஓர் எடுத்துக்காட்டு. எத்தனையோ பேர் நம் ஆணையத்தின் முடிவுகளை எதிர்த்து வாதாடுகிறார்கள். அம்மையார் அவற்றுக்கேற்ப நடந்துகொண்டார். அவரைப் போல ஒவ்வொரு குடிமகனும் இருந்துவிட்டால், நம் வலையில் ஒரு பிழையும் இருக்காது."

அரபா தலையாட்டினார். வாத்தியக்காரர்கள் ஆரம்பித்தார்கள். பெட்டியைத் தூக்கியபோது எபோ அழுதான். நடிப்புக்கு அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதான். நான் தேற்றப் போவதற்குள் அவன் அம்மாவே எழுந்து வந்து, துணி முனையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் கரையே கூடியிருந்தது. மறுநாள் கடல் திறப்பு. கோஜோ அப்பானும் மற்ற படகுக்காரர்களும் மோட்டாரைத் தூக்கக் கழிகளும் கயிறுமாக நின்றார்கள். நகராட்சிக் காவலர் முத்திரையை வெட்டக் கத்தியோடு நின்றார். சுவரோரமாக, பூட்டியபோது வெளியே கிடந்த எபோவின் முக்காலியில் அரபா உட்கார்ந்து, வாழையிலையில் கட்டிய புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயைப் பிரித்து, பொரித்த மீனும் மிளகாய் அரைத்ததும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மகன் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

மிஸ் தாட்சி கருவியோடு வந்தாள். அரபாவைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"வாரிசுச் சான்றுல டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. புது உரிமையாளர் பதிவு. பேரு?"

"எபோ எசில்ஃபி."

"தொழில்?"

"மோட்டார் பழுது."

"தாய் பேரு?"

எபோ வாயைத் திறந்தான். மிஸ் தாட்சி சட்டென்று கருவியைக் கையால் மூடிக்கொண்டு அடிக்குரலில் சொன்னாள்: "பார்த்துச் சொல்லுங்க. அரபான்னு சொன்னா, பழைய எபோவும் நீங்களும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். எஸியோட பிள்ளைங்க உங்க கூடப்பிறந்தவங்க ஆயிடுவாங்க, எல்லாரும் வாரிசு. பங்கு பிரியற வரைக்கும் பூட்டு இருக்கும். எஸின்னு சொன்னாலும் அதேதான்."

அவன் கரையைப் பார்த்தான். கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தான். சுவரோரம் பார்க்கவில்லை. அங்கே இலை பிரிக்கும் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அவனைப் பார்க்கவும் முடியவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

"எனக்குத் தாய் இல்லை மேடம்," என்றான் எபோ.

மிஸ் தாட்சி தட்டினாள். கருவி ஒத்துக்கொள்ளவில்லை. "தாய் இல்லாம ஒருத்தர் இருக்க முடியாதுன்னும் ஒரு விதி இருக்கு எபோ. பேர் சொல்லலைன்னா, பேரில்லாத ஒருத்தின்னு அதுவே ஒரு ஆளைப் போட்டுக்கும். யாரோ ஒருத்தி. யாருன்னு கேக்காது. போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கட்டும்."

பச்சை விளக்கு எரிந்தது. காவலர் முத்திரையை வெட்டினார். இரும்புக் கதவு மேலே போனதும் கரை முழுவதும் உள்ளே பாய்ந்தது; ஆளுக்கொரு மோட்டாரைக் கட்டித் தூக்கிக்கொண்டு, எபோவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு மணலைப் பார்த்து ஓடினார்கள். மிஸ் தாட்சியும் போய்விட்டாள். எபோ காலியான கடையின் நடுவில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் குறடோடு நின்றான். திரும்பவே இல்லை.

அரபா மீனின் முள்ளை எடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தள்ளிவைத்தார்.

"பேரில்லாத ஒருத்தி கூப்பிடறேன்," என்றார். "வந்து சாப்பிடு. ஆறிப்போகுது."